33 வயதில் கருப்பையை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கும் வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டேன். இரண்டு வருடமாக மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் நீள்கிறது. முதல் மூன்று நாளும் கட்டி கட்டியாகப் போகிறது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மூன்று நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. ஹீமோகுளோபின் 7.8. ஸ்கேனில் 4 சென்டிமீட்டர் நார்க்கட்டி இருப்பதாகவும், கருப்பை சற்றுப் பெருத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றாயிற்று, எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் புற்றுநோயாக மாறலாம் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். மாமியாரும் மைனியும் அதையே சொல்கிறார்கள். மைனிக்கு 36 வயதிலேயே எடுத்தாயிற்று. முதுகுவலியும் சேர்ந்து போய்விடும் என்கிறார்கள். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். உன் இஷ்டம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

— வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், கருப்பையை இப்போதே எடுத்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதற்காகச் சும்மா இருந்துவிடக்கூடிய நிலையிலும் நீங்கள் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது நார்க்கட்டியைவிட 7.8 என்ற அந்த எண்தான். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. 8-க்குக் கீழே போனால் அது கடுமையான இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அந்த இரத்தத்தோடு நீங்கள் காலையில் பஸ் ஏறி, நாள் முழுவதும் குந்தியிருந்து அண்டி உடைத்து, மாலையில் வீடு திரும்பிச் சமைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அறுவை சிகிச்சை செய்வதென்று முடிவானாலும் இந்த இரத்த அளவோடு மேசையில் படுக்க வைப்பது சரியல்ல என்பதால், எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஹீமோகுளோபின் அளவைக் கூட்டுவதுதான்.

இந்த அளவு இறங்கிய பிறகு, மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும் இரத்தத்தை வெறும் மாத்திரையால் ஈடுகட்டுவது கடினம். நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து ஊசி உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். குழித்துறை, பத்மநாபபுரம் அரசு மருத்துவமனைகளிலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெண்கள் நலப் பிரிவில் இதைக் கேட்கலாம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் என்ற பரிசோதனையையும் செய்துகொண்டால், உடலின் இருப்பில் எவ்வளவு இரும்பு மிஞ்சியிருக்கிறது என்பது தெரியும். மாத்திரை எடுப்பதானால் அதைக் கட்டன் சாயாவோடு விழுங்காதீர்கள். தேயிலை, இரும்பைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும். மாத்திரைக்கும் சாயாவுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். சாளை மீனும் முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கள், நல்லதுதான்; ஆனால் 7.8-ஐ 11-க்குக் கொண்டுவர உணவு மட்டும் போதாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனையும்படி தொடர்ந்து போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்து, உதிரப்போக்கு ஏன் இவ்வளவு ஆகிறது என்ற கேள்வி. ஸ்கேனில் கட்டி இருக்கிறது என்பதாலேயே அந்தக் கட்டிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நார்க்கட்டி பல பெண்களுக்கு உண்டு; பெரும்பாலானோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம். கருப்பையின் உள்ளறையில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் உதிரம் கொட்டும். வெளிப்புறமாக வளர்ந்த கட்டி 6 சென்டிமீட்டர் இருந்தாலும் மாதவிலக்கைத் தொடாமல் இருக்கலாம். ஆகவே உங்கள் ஸ்கேன் அறிக்கையில் 4 சென்டிமீட்டர் என்பதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இடம் குறிப்பிடப்படவில்லை என்றால், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் ஒன்றை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கருப்பை சற்றுப் பெருத்திருக்கிறது என்பதையும் நான் கவனிக்கிறேன். கருப்பையின் உள்சவ்வு அதன் தசைக்குள்ளேயே ஊடுருவி வளரும் அடினோமையோசிஸ் என்ற நிலையில் இப்படிப் பெருக்கும். சிசேரியன் செய்துகொண்டவர்களிடம் அதைக் கூடுதலாகவே காண்கிறோம். மாதவிலக்கோடு அடிவயிற்றில் கடுமையான வலியும் இருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். நீங்கள் வலியைப் பற்றி எழுதவில்லை.

கருப்பைக்கு வெளியேயும் காரணம் இருக்கலாம். தைராய்டு பரிசோதனை செய்தார்களா? வயதுக்கு வந்த நாளிலிருந்தே உங்களுக்கு அதிகமாகத்தான் போகுமா, பல் பிடுங்கியபோதோ பிரசவத்தின்போதோ இரத்தம் நிற்கச் சிரமப்பட்டதா? அப்படியானால் இரத்தம் உறைவதிலேயே குறை இருக்கலாம். கருப்பையை எடுப்பது அதற்கு மருந்தாகாது. இன்னொன்றையும் தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மண்டைக்காட்டுக் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அடிக்கடி அப்படிப் போட்டிருந்தால் சுழற்சி குழம்பியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் சிகிச்சை தவறும்.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் பயந்திருப்பீர்கள். யாரும் பயப்படுவார்கள். நார்க்கட்டி புற்றுநோயாக மாறும் என்பது சரியல்ல. நார்க்கட்டி போலத் தோற்றமளிக்கும் ஒரு புற்றுக்கட்டி உண்டு, ஆனால் அது மிக அரிது, உங்கள் வயதில் இன்னும் அரிது. 33 வயதில் உள்சவ்வுப் புற்றுநோயும் அபூர்வமே. உடல்பருமனோ, பல மாதம் மாதவிலக்கு வராமல் இருந்து திடீரென்று கொட்டும் சுபாவமோ, மருந்துக்கு அடங்காத போக்கோ இருந்தால் மட்டும் உள்சவ்வில் ஒரு துளி எடுத்துப் பரிசோதிப்போம். இரண்டு மாதவிலக்குக்கு நடுவிலோ, உறவுக்குப் பிறகோ இரத்தம் பட்டால் அதைத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். உங்கள் வயதில் நாம் தேட வேண்டிய புற்றுநோய் கருப்பை வாயில் வருவது. அதைக் கண்டறியும் சோதனையை 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கருப்பையை எடுக்கச் சொன்ன இடத்தில் இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள்.

இனி சிகிச்சைக்கு வருவோம். உதிரம் போகும் நாட்களில் மட்டும் எடுக்கும் டிரனெக்ஸாமிக் அமில மாத்திரை, போக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும். காலில் இரத்தக்கட்டு வந்த வரலாறு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. வலியும் இருந்தால் மெஃபனமிக் அமிலம் சேர்த்துத் தருவார்கள். ஹார்மோன் மாத்திரைகளும் உண்டு. ஆனால் இதை வாசிக்கும் உங்கள் நிலையிலுள்ள பெண்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் வளையத்தைப் பற்றித்தான். இதைச் சொன்னவுடன், குடும்பக் கட்டுப்பாடு செய்தவளுக்கு எதற்குக் காப்பர் டி என்று கேட்பார்கள். உருவத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் வேலையில் நேர் எதிர். காப்பர் டி போட்டால் மாதவிலக்கு கூடும். இந்த வளையமோ, 52 மில்லிகிராம் மருந்தைச் சிறிது சிறிதாகக் கருப்பைக்குள்ளேயே கசியவிட்டு, உள்சவ்வை மெலிய வைத்து, உதிரப்போக்கைப் பத்தில் ஒன்பது பங்கு வரை குறைத்துவிடும். வைப்பதற்கு வயிற்றைத் திறக்க வேண்டாம், மயக்க மருந்தும் பெரும்பாலும் வேண்டாம். ஐந்து வருடம் பலன் தரும். எப்போது வேண்டாம் என்றாலும் எடுத்துவிடலாம். அடினோமையோசிஸ் இருந்தாலும் பலன் தரும். கட்டி கருப்பையின் உள்ளறையைக் கோணலாக்காமல் இருந்தால் உங்களுக்கும் இது பொருந்தும்.

முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை சொட்டுச் சொட்டாகக் கறை பட்டுக்கொண்டிருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் வைத்துவிடுவதால்தான் பலர் இரண்டாம் மாதமே வந்து, எடுத்துத் தாருங்கள் என்று அழுகிறார்கள். பிறகு சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறதே என்று மாமியார் கவலைப்பட்டால், சவ்வே வளராதபோது தேங்குவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உள்நோயாளியாகப் படுத்துச் செய்யும் சிகிச்சைக்கே கைகொடுக்கும். வளையத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கையிலிருந்து போகலாம். எனவே வீட்டுக் கணக்கில் பெரிய அறுவை இலவசமாகவும், சிறிய சிகிச்சை செலவாகவும் தோன்றிவிடுகிறது. உங்கள் உடலை அந்தக் கணக்கில் வைக்க வேண்டாம்.

கட்டி உள்ளறையில் துருத்திக்கொண்டிருந்தால், பிறப்புறுப்பு வழியாகக் கருவியைச் செலுத்திக் கட்டியை மட்டும் சீவி எடுக்க முடியும், கருப்பை தங்கும்.

கருப்பை எடுப்பது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு அறுவைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றில் கருப்பை மட்டும் போகிறது. மற்றொன்றில் அதன் இரு பக்கமும் உள்ள சினைப்பைகளும் போகின்றன. கருப்பை மட்டும் போனால் உடனே தெரிவது மாதவிலக்கு நிற்பதுதான். சினைப்பைகள் போனால் அவை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுபோய், இயற்கையாக 46, 47 வயதில் மெல்ல வர வேண்டிய மாதவிலக்கு நிறைவு 33 வயதில் மறுநாளே வந்துவிடும். உடம்பு கொதிப்பது, தூக்கமின்மை, உறவின்போது வறட்சியும் வலியும், இவையெல்லாம் வெளியே தெரிபவை. எலும்பு மெலிவதும் இதயத்துக்கு வரும் கேடும் வெளியே தெரியாமல் நடப்பவை.

சில ஆண்டுகளுக்கு முன் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து 43 வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். குழாயடியில் வழுக்கிக் கையூன்றியதில் மணிக்கட்டு முறிந்திருந்தது. இவ்வளவு சிறு விழுதலில் எலும்பு முறியக் கூடாதே என்று எலும்பு மருத்துவர் அவரை என்னிடம் அனுப்பியிருந்தார். 34 வயதில் கருப்பையை எடுத்ததாகச் சொன்னார். கருப்பையை மட்டும்தானா என்று கேட்டேன். ஆமாம், அது மட்டும்தான் என்றார். துணிக்கடைப் பையிலிருந்து, லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்து நீட்டினார். அறுவையின் பெயர் எழுதிய வரியின் கடைசியில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. இரண்டு சினைப்பைகளும் குழாய்களோடு எடுக்கப்பட்டன என்பது அவற்றின் பொருள். ஒன்பது வருடமாக இரவில் நைட்டி நனைய வியர்த்ததை அவர் சூடு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஹார்மோன் மாத்திரை ஒன்றுகூட யாரும் தரவில்லை. நான் அந்த எழுத்துகளை விரலால் காட்டிச் சொன்னபோது, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அத எனக்கிட்ட ஆரும் கேக்கல்லியே" என்று மட்டும் சொன்னார்.

சினைப்பையைத் தொடாமல் கருப்பையை மட்டும் எடுத்தாலும் இளவயதில் அதற்கு ஒரு விலை உண்டு. சினைப்பைக்குப் போகும் இரத்தத்தில் ஒரு பகுதி கருப்பையின் இரத்தக்குழாய் வழியாகவே போகிறது. அதைக் கட்டித் துண்டித்தபின் சினைப்பைகள் சில வருடம் முன்னதாகவே ஓய்ந்துவிடுவதுண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சினைப்பைகளை வைத்துக்கொண்டு 35 வயதுக்குள் கருப்பையை மட்டும் எடுத்த பெண்களுக்கு, எடுக்காதவர்களோடு ஒப்பிட, இதயத் தமனி நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. பெண்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. அறுவைதான் நேரடிக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 33 வயதில் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க அது போதுமான காரணம் என்பது என் கருத்து.

முதுகுவலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாள் முழுவதும் குனிந்து குந்தியிருக்கும் வேலையில் வரும் முதுகுவலியைக் கருப்பையை எடுத்துப் போக்க முடியாது. வெள்ளைப்படுதலுக்கும் முதுகுவலிக்கும் என்று கருப்பையை இழந்துவிட்டு அதே வலியோடு திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதியதால் நான் அறுவைக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். மருந்தும் வளையமும் ஆறு மாதம், ஒரு வருடம் முறையாக முயன்ற பிறகும் போக்கு அடங்காமல், இரத்தம் ஏற ஏற இறங்கிக்கொண்டே இருந்தால், அப்போது கருப்பையை எடுப்பது தவறே இல்லை. அப்படி எடுத்துக்கொண்டு, இத்தனை நாள் ஏன் கஷ்டப்பட்டேன் என்று மலர்ந்த முகத்தோடு சொன்ன பெண்களும் என் நினைவில் இருக்கிறார்கள். அந்த நாள் வந்தால் அனுபவமுள்ள கையிடம் போங்கள். இரண்டு சிசேரியன் ஆன வயிற்றில் மூத்திரப்பை கருப்பையோடு ஒட்டியிருக்கும், அதைப் பிரிக்கும்போது காயப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சினைப்பைகளில் நோய் இல்லையென்றால் அவை இருக்கட்டும் என்று முன்னதாகவே பேசிவிடுங்கள். கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுப்பதாகச் சொன்னால் சம்மதிக்கலாம். சினைப்பைப் புற்றுநோய்களில் பல அந்தக் குழாயில்தான் தொடங்குகின்றன. எடுத்த உறுப்பு பரிசோதனைக்குப் போக வேண்டும், அதன் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு ஆறு வாரம் குடமோ அரிசிச் சாக்கோ தூக்கக் கூடாது. உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தால், தகுதி நாட்கள் நிறைந்திருக்கும் பட்சத்தில், நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

சம்மதப் பத்திரத்தைப் பற்றியும் ஒன்று. கணவரும் மாமியாரும் கையெழுத்திட்டால் போதும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். நினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணுக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சோதனைக்கு என்று மயக்கம் கொடுத்துவிட்டு, தாயின் சம்மதத்தோடு ஒரு பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்த வழக்கு அது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க 2022-இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. 40 வயதுக்குட்பட்ட பெண்களைத் தனிக் கவனத்தோடு பார்க்கச் சொல்பவை அவை. ஆகவே இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்க விரும்புகிறேன் என்று நீங்கள் சொன்னால் எந்த மருத்துவரும் கோபப்படக் கூடாது. பத்திரத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சினைப்பைகளை எடுக்கக் கூடாது என்று உங்கள் கைப்பட அதில் எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள்.

கணவர் உன் இஷ்டம் என்று சொன்னதை அக்கறையின்மை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் விவரம் தெரியாது. இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவையுங்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது போனில் அவரையும் கேட்கச் சொல்லுங்கள். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் மைனியைப் பற்றி. 36 வயதில் அவருக்கு எதை எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியுமா? டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்து, தெரிந்த மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடமோ காட்டச் சொல்லுங்கள். இரவில் வியர்க்கிறதா, மூட்டும் எலும்பும் நோகிறதா என்று நீங்களே பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். சினைப்பைகளும் போயிருந்தால், இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் சிகிச்சை அவருக்குத் தேவைப்படலாம். கருப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும் என்பதால் அது சிக்கலான சிகிச்சையும் அல்ல. நீங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.